ஹார்மனின் இரண்டு கால்கள்

1976 ஜனவரி 13, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் தண்ணீர்க் குழாய் மறுபடி உறைந்துவிட்டது. காலையில் வந்தவர்கள் மூன்று பேர். இருவர் கணப்புக்காக வந்தவர்கள். மூன்றாமவர் கார்லண்ட் வாஸ். கார்லண்ட் எங்கள் ஊரில் சவ அடக்கத் தொழில் செய்கிறார். நாடு சுதந்திரமடைந்த இருநூறாவது ஆண்டு விழாவுக்கு எங்கள் மாவட்டம் அமைத்த குழுவுக்கும் அவர்தான் தலைவர். ஒரே கறுப்புக் கோட்டு இரண்டுக்கும் பொருந்துகிறது.

இந்த வருஷம் நாடெங்கும் சாலையோரங்களில் ஊர்ப் பெருமை சொல்லும் இரும்புப் பலகைகள் முளைக்கின்றன. எங்களுக்கும் ஒன்று வேண்டுமாம். ஆஷ்பி மாவட்டத்தில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. எந்த ஜனாதிபதியும் ஓர் இரவுகூடத் தங்கவில்லை. எங்களிடம் இருப்பது ஒரே ஒரு பிடில் மெட்டு: 'ஹார்மனின் நொண்டி'.

"பலகையில நாப்பது வார்த்தைதான் பிடிக்கும், வெல்டா. நீதான் எழுதணும். உங்க வீட்டுக் கதைதானே அது?"

எங்கள் வீட்டுக் கதைதான். ஹார்மன் டெஸ்கின்ஸ் என் கொள்ளுத்தாத்தா. உள்நாட்டுப் போரில் ஒரு காலை இழந்தார். எதிரியான வடக்கு மாநிலப் படையின் சிறைமுகாமில் மரக்காலோடு நொண்டி நடந்தார். அந்த நடையை மெட்டாக்கினார். மெட்டின் இரண்டாம் பாதியில் ஓர் அடி குறையும். அந்த இடத்தில் வாசிப்பவர் பூட்ஸ் காலால் தரையை ஓங்கி ஓர் உதை உதைப்பார். ஆடுகிறவர்கள் எல்லாரும் உதைப்பார்கள். உதைத்தால் கணக்குச் சரியாகி ஆட்டம் தொடரும். இது தெரியாத பக்கத்துக் கார்மோர் மாவட்டத்துக்காரர்கள் அந்த இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்வார்கள். எங்கள் தேசபக்தியில் பாதி, அதை வேடிக்கை பார்ப்பதுதான்.

மே மாதத்துக்குள் தருகிறேன் என்றேன். நாற்பது வார்த்தை. ஒரு பிற்பகல் போதும்.

ஜனவரி 18, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு வழக்கம்போலத் தம்பி ஆர்லி வீட்டில். அவன் மனைவி ஐவா பயறும் சோள ரொட்டியும் பன்றித் தொடைக்கறியும் வைத்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் போனபிறகு, பதினான்கு வருஷமாக எனக்கு வாரத்தில் ஒரு நல்ல சாப்பாடு இதுதான். மற்ற ஆறு நாளும் நான் டப்பா சூப்பை நம்பி வாழ்கிறேன்.

பலகை விஷயம் கேட்டதும் ஆர்லிக்கு முகமெல்லாம் பல். அவன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். ஆனால் ஆகஸ்ட் பிடில் போட்டிக்கு வருகிறவர்களுக்கு அவன் ஓட்டுநர் இல்லை, ஹார்மனின் கொள்ளுப்பேரன். மேடை ஏறும்போது மரியாதைக்காக இடது காலை இழுத்து நொண்டிக்கொண்டே ஏறுவான். இருபது வருஷமாக இதே நொண்டல். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும்.

"அக்கா, 'மரக்கால்'ங்கறத மட்டும் விட்றாத. அதுதான் உசுரு."

"விடமாட்டேன்டா."

சொல்லிவிட்டேன். எழுதியும் வைக்கிறேன்.

பிப்ரவரி 5, வியாழன்

நீதிமன்றக் கட்டடத்தின் நிலவறைக்குப் போனேன். எந்தக் கால் என்று உறுதிசெய்துகொள்ளத்தான். ஆர்லி இடதை இழுக்கிறான். அப்பா வலதை இழுப்பார். இரும்பில் வார்ப்பதற்குமுன் ஒரு முடிவுக்கு வரவேண்டாமா?

1902-இல் ஹார்மன் கொடுத்த போர்வீரர் ஓய்வூதிய மனு கிடைத்தது. அவர் கையெழுத்து என் கையெழுத்துப் போலவே இருக்கிறது. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

'இழந்த உறுப்புகள்' என்ற கட்டத்தில்: எதுவும் இல்லை.

'போர்ப் பணியால் நேர்ந்த குறைபாடு' என்ற கட்டத்தில்: நாட்பட்ட வயிற்றுப்போக்கு. அதோடு, 1863-இல் பீரங்கி பக்கத்தில் வெடித்ததிலிருந்து இரண்டு காதும் கேட்காது.

சிறைக்குப் போனது 1864-இல். அதாவது மெட்டு கட்டும்போது காது கேட்காது.

சாட்சிக் கையெழுத்து ஊர்ப் போதகருடையது. அவர் ஒரு நற்சான்றும் சேர்த்திருக்கிறார்: மனுதாரர் ஒழுக்கமானவர், பிடில் என்பது பிசாசின் பெட்டி, அதை வீட்டில் வைத்திருப்பவர்களைச் சபையிலிருந்து நீக்கவேண்டும் என்று இரண்டு முறை தீர்மானம் கொண்டுவந்தவர்.

எந்தக் கால் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டும்.

பிப்ரவரி 6

யாரிடமும் சொல்லவில்லை. மனுவை மூன்று முறை படித்தேன். கால் போகவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

கார்லண்டிடம் சொன்னேன். அவர் அசையவில்லை. இறந்தவர்களைப் பற்றி எது சொன்னாலும் அவர் அசைவதில்லை. தொழில் அப்படி.

"இதுல என்ன இருக்கு? ஆரம்பத்துல 'மரபுப்படி'ன்னு ஒரு வார்த்த போட்ரு. அது நம்ம பொட்டிக்கு மேல போடற பூப்போர்வ மாதிரி. உள்ள யாரு, எப்பிடிக் கெடக்கறாங்கன்னு எவனும் தூக்கிப் பாக்கமாட்டான்."

"அந்தாளுக்குக் காது கேட்காது, கார்லண்ட்."

"எத்தனையோ பிடில்காரங்களுக்குக் கேக்கறதில்ல. வாசிக்கலியா?"

காகிதத்தில் எழுதும் பொய் மட்கிப்போகும். இரும்பில் வார்ப்பது நான் செத்தபிறகும் சாலையோரம் நிற்கும், எழுதியது யாரென்று ஊருக்கே தெரியும். 'மரபுப்படி' என்று ஆரம்பிக்கும் புத்தகங்களை நானே கதை அலமாரிக்கு மாற்றியிருக்கிறேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

சாப்பாட்டுக்கு நடுவில் ஆர்லியிடம் சொல்லியிருக்கக்கூடாது. சாப்பிட்டு முடித்தபின் சொல்லியிருக்கலாம். அல்லது சொல்லாமலே— இல்லை, சொல்லத்தான் வேண்டும்.

முதலில் சிரித்தான். பிறகு மனுவின் நகலைப் பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை.

"எத்தன வருசமா நான் அந்த மேடைல ஏறிக்கிட்டு இருக்கேன். சனம் எந்திரிச்சு நிக்கிது. வயித்துப்போக்குக்கா எந்திரிச்சு நின்னுது?"

"நான் எழுதினதில்லடா அது. அவரே எழுதினது."

"நீ ஏன் போய்த் தோண்டுன? உனக்கு ஒரு தாளு கெடச்சாப் போதும், பெத்தவங்களக்கூட அலமாரில அடுக்கி நம்பர் ஒட்டிருவ!"

"அப்ப மெட்டு எங்கேருந்து வந்துச்சுன்னு நீயே சொல்லு."

"அப்பாகிட்டேருந்து! அப்பா ராட்லிஃப் கடைலதான் மொதல்ல வாசிச்சாரு, ஊருக்கே தெரியும். போ, போய் அந்த ஓபல் கெழவியக் கேளு. அவ உசுரோடதான் இருக்கா. அவளயும் தோண்டு!"

ஐவா சோள ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். ஆர்லி அதைத் திரும்ப இழுத்துக்கொண்டான். நாற்பத்திரண்டு வயது.

பிப்ரவரி 22, ஞாயிறு

தக்காளி சூப்.

பிப்ரவரி 29, ஞாயிறு

காளான் சூப். நான்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும் நாள். வீணாயிற்று.

மார்ச் 7, ஞாயிறு

தேவாலய வாசலில் ஆர்லி என்னைக் கடந்து போனான். நொண்டவில்லை. கோபத்தில் மறந்துவிட்டான்போல.

அவனிடம் மன்னிப்புக் கேட்கலாமா? எதற்காக? ஹார்மனுக்கு இரண்டு கால் இருந்ததற்காகவா?

மார்ச் 16, செவ்வாய்

ஓபல் ராட்லிஃபைப் பார்க்கப் போனேன். பழைய கடைக்காரரின் மகள். அறுபத்தாறு வயது; கீழுதட்டுக்குள் புகையிலைப் பொடி; நாக்கில் மிளகாய். நூலகத்தில் 1961-இல் எடுத்த சமையல் புத்தகத்தை இன்னும் திருப்பித் தரவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, கதவைப் பாதி மட்டும் திறந்தாள்.

"புஸ்தகம் வேணாம். அப்பா வாசிச்ச மெட்டு பத்திக் கேக்கணும்."

"எது, நொண்டியா?" கதவு முழுக்கத் திறந்தது. "உங்க அப்பன் புளுகினான்."

காப்பி கொடுத்தாள். பிறகு ஜன்னலோரம் போய், ஜெரேனியம் தொட்டியைத் தூக்கி, அதன் அடியிலிருந்து ஓர் இசைத்தட்டை எடுத்து ஏப்ரன் நுனியால் துடைத்தாள். மண் வட்டம் போகவில்லை. பெயர்ச்சீட்டில் 'கார்மோர் சேவல்' என்று இருந்தது. வாசித்தவர்கள் கார்மோர் மாவட்டத்துக்காரர்கள்.

கார்மோர்! அம்மம்மா.

அவள் அப்பாவின் பழைய கிராமபோன் இன்னும் ஓடுகிறது. சாவி கொடுத்தாள். கேட்டேன். நம் மெட்டுதான். முதல் சுற்றில் நொண்டல் இல்லை. அடிகள் எட்டும் எட்டுமாக ஒழுங்காக வந்தன. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாம் சுற்றில், அந்த இடத்தில், ஊசி ஒரு கோட்டைத் தாண்டிக் குதித்தது. 'தொப்' என்று ஒரு சத்தம். ஓர் அடி காணாமல் போயிற்று. பிறகு ஒன்றுமே நடக்காததுபோல மெட்டு தொடர்ந்தது.

எனக்குத் தெரியாமலே என் கால் தரையை உதைத்திருந்தது. ஓபல் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஆங்! அதேதான். இருவத்தொம்போதுல கடைல சனிக்கிழம மத்தியானமெல்லாம் இந்தப் பிளேட்டுதான். மாவு மூட்டையத் தள்ளி வெச்சுட்டு ஆடுவாங்க. ஒரு நா உங்கம்மா லாட்டி— அப்ப கல்யாணம் ஆகல, நல்லா உருண்டு தெரண்டு இருப்பா— சுத்திவந்த வேகத்துல இடுப்பால மேஜைய இடிச்சுட்டா. ஊசி சர்ருன்னு இழுத்துக்கிச்சு. அப்பறம் எப்பப் போட்டாலும் அந்த எடத்துல குதிக்கும்."

"அதுக்கும் அப்பாவுக்கும்?"

"சனம் அந்த எடத்துக்குன்னே காத்துக்கிட்டு இருக்கும். 'இதோ லாட்டி வரா, லாட்டி வரா'ன்னு. வந்ததும் எல்லாரும் ஒரு உத. உங்கம்மா செவந்துபோயி எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால ஒளிஞ்சுக்குவா. உங்கப்பன் ஜெஸ்ஸு அதப் பாத்துக்கிட்டே இருந்தான். பிடில்ல எடுத்தப்போ, மூணாவது சுத்துல மட்டும் இல்ல, ஒவ்வொரு சுத்துலயும் அத வெச்சான். அவ செவக்கறதுக்குன்னே. அடுத்த வருசம் கல்யாணம்."

"ஹார்மன்?"

"அது போட்டில வந்த வென. மேடைல கேப்பாங்கள்ல, 'இத யார்கிட்ட கத்துக்கிட்ட'ன்னு? எல்லாவனும் 'எங்க தாத்தன்கிட்ட, எங்க மாமன்கிட்ட'ங்கறான். இவன் மட்டும் 'கடை மிஷின்கிட்ட'ன்னு சொல்ல முடியுமா? அதுலயும் கார்மோர்க்காரன் ரிக்கார்டு! 'எங்க தாத்தன் ஹார்மன்கிட்ட'ன்னுட்டான். நடுவுல ஏன் ஒரு அடி கொறையுதுன்னு நடுவர் கேட்டான். அந்த நிமிசத்துல காலு போச்சு."

குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். முறையாகக் கேட்கவேண்டும் என்பதற்காக, எந்தப் பக்கத்து இடுப்பு என்றும் கேட்டேன்.

"அது யாருக்குடி ஞாபகம் இருக்கு? ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு."

மார்ச் 17

அம்மாவை எனக்கு ஏப்ரனோடுதான் தெரியும். ஆடி நான் பார்த்ததே இல்லை. அப்பா வீட்டில் அந்த மெட்டை வாசிக்கும்போதெல்லாம் அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். பிடிக்காது போல என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

ஏப்ரல் 4, ஞாயிறு

கோழி சூப். ஐவா தொலைபேசினாள். ஆர்லி மூன்று வாரமாகப் பிடில் பெட்டியைத் திறக்கவில்லையாம். "பேருந்துல பசங்க 'நொண்டி, நொண்டி'ன்னு செல்லமாக் கூப்புடுவாங்கள்ல? முந்தாநாளு ஒருத்தன எறக்கிவிட்டு நடக்கச் சொல்லிட்டாரு, அண்ணி. பாதி மைலு."

ஓபல் சொன்னதை ஐவாவிடம் சொன்னேன். அம்மா மேஜையை இடித்த இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். பிறகு, "இத நீங்க சொன்னா அவரு கேக்கமாட்டாரு. நான் எதாவது செய்யறேன்" என்றாள்.

ஏப்ரல் 10, சனி

ஐவா செய்தது இது: ஓபலின் புகைபோக்கி ஒழுகுகிறது, போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஆர்லியை அனுப்பியிருக்கிறாள். ஓபலிடம் முன்கூட்டியே பேசிவிட்டாள். எனக்கும் சொன்னாள், பதினொரு மணிக்கு வரச்சொல்லி.

நான் போனபோது ஆர்லி கூரையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் ஏணியிலேயே நின்றுவிட்டான். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"எறங்கு தம்பி, காப்பி ஆறுது" என்றாள் ஓபல். சொல்லிவிட்டு ஜன்னலைத் திறந்துவைத்துத் தட்டைப் போட்டாள்.

முதல் சுற்று. ஆர்லியின் முகத்தில் ஒன்றும் இல்லை. இரண்டாவதில், "இது கார்மோர் வில்லு, இழுக்கற இழுப்பே வேற" என்று முணுமுணுத்தான். மூன்றாவதில் ஊசி குதித்தது. ஏணியின் கடைசிப் படியில் அவன் கால் தானாக உதைத்தது. ஏணி சரிந்தது. நல்லவேளை, இரண்டடி உயரம்தான்.

ஓபல் கதையை மறுபடி சொன்னாள். என்னிடம் சொன்னதைவிட அம்மா சற்றுப் பருமனாகியிருந்தாள்.

ஆர்லி தட்டைக் கையில் வாங்கி, கீறலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான்.

"அம்மாவா?"

"உங்கம்மாதான்."

"அம்மாவா இடிச்சது?" என்று இன்னொரு முறை கேட்டான். பிறகு, "இன்னொரு தடவ போடுங்க" என்றான். ஏழு தடவை போட்டோம். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் கிளம்பும்போது என் கார்க் கதவை அவன்தான் திறந்துவிட்டான்.

ஏப்ரல் 11, ஞாயிறு

பயறு, சோள ரொட்டி, தொடைக்கறி. இரண்டு முறை போட்டுக்கொண்டேன். மெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

மே 3, திங்கள்

குழுவுக்கு எழுதிக் கொடுத்தது:

'இங்கிருந்து கால் மைலில் ராட்லிஃப் கடை இருந்தது. 1929-இல் அங்கே கார்மோர் மாவட்டத்தாரின் இசைத்தட்டு ஒன்று ஓடுகையில், ஆடிக்கொண்டிருந்த லாட்டி மேஜையை இடித்தாள். ஊசி குதித்தது. ஜெஸ் டெஸ்கின்ஸ் அந்தக் குதிப்பையும் சேர்த்து வாசித்தார். ஊர் உதைத்தது.'

நாற்பதுக்குள் அடங்கிவிட்டது. என் வாழ்க்கையில் இதைவிடச் சுருக்கமாக எதையும் எழுதியதில்லை.

கார்லண்ட் சத்தமாகப் படித்தார். 'கார்மோர்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது, சவக்குழி அருகே இறங்குவதுபோல.

"நம்ம வரிப்பணத்துல, நம்ம ரோட்டுல, அவனுங்க பேரா?"

குழுவில் ஏழு பேர். ஏழு கையும் ஹார்மனுக்காக உயர்ந்தன. ஹார்மனுக்கு இவ்வளவு கை கிடைத்தபின், கால் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

என் பெயர் அதில் எங்கும் வரக்கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஒத்துக்கொண்டார்கள், சற்று வேகமாகவே.

ஜூலை 4, ஞாயிறு

பலகையைத் திறந்தார்கள். 'மரபுப்படி' என்றுதான் ஆரம்பிக்கிறது. மரக்கால் இருக்கிறது, எந்தப் பக்கம் என்று போடவில்லை. அந்த அளவுக்கு என் ஆராய்ச்சி பயன்பட்டது.

ஆர்லியை வாசிக்கக் கூப்பிட்டார்கள். பேருந்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். பள்ளிக்கு விடுமுறை விட்டு ஒரு மாதம் ஆகிறது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

சாப்பிடும்போது கேட்டேன்: "அடுத்த வாரம் போட்டிக்குப் போறியா?"

"பாக்கறேன்."

"என்ன சொல்லப்போற?"

"அக்கா, பயறு போட்டுக்க."

ஆகஸ்ட் 14, சனி

பந்து மைதானத்தில் பிடில் போட்டி. வெயில். இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். கார்மோரிலிருந்து மூன்று பேருந்து வந்திருந்தது. நான் ஓபலுக்கும் ஐவாவுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். ஓபல் பொடியைத் துப்புவதற்கு ஒரு காப்பி டப்பா கொண்டுவந்திருந்தாள். ஐவா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பத்தொன்பதாவதாக ஆர்லி. பெயர் சொன்னதுமே கூட்டம் எழுந்தது. நொண்டலுக்காகக் காத்திருந்தது.

ஆர்லி நேராக நடந்து மேடை ஏறினான். இடது கால், வலது கால், இடது கால். சாதாரணமாக, பேருந்தில் ஏறுவதுபோல. எழுந்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

"கால் கொணமாயிடுச்சா, ஆர்லி?" என்று ஒலிபெருக்கியில் கேட்டார் அறிவிப்பாளர். சிரிப்பு.

"ஆமா."

"என்ன மெட்டு வாசிக்கப்போறீங்க?"

"'லாட்டியின் இடுப்பு'."

"புதுசா இருக்கே! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

ஆர்லி பிடிலை மோவாய்க்கடியில் வைத்துக்கொண்டான். பிறகு எடுத்துவிட்டான்.

"எங்கம்மாகிட்ட. அவங்க பிடிலத் தொட்டதே இல்ல."

அதற்குமேல் விளக்கவில்லை. வாசித்தான். முதல் சுற்றில் நொண்டல் இல்லாமல். இரண்டாவதிலும் இல்லாமல். கார்மோர்ப் பேருந்துக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தங்கள் வீட்டுச் சேவல் கூவுவதை வேற்றூரில் கேட்டவர்கள்போல. மூன்றாவதில் அந்த இடம் வந்தது. ஆர்லி உதைத்தான். பழக்கதோஷத்தால் ஊரே உதைத்தது. கார்மோர்க்காரர்கள்கூட உதைத்தார்கள் என்று ஓபல் சத்தியம் செய்கிறாள்.

நான் உதைக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் பரிசு. முதல் இரண்டு சுற்றில் மரபு தவறியதாக நடுவர்கள் புள்ளி குறைத்துவிட்டார்களாம்.

செப்டம்பர் 2

போட்டியில் தங்கள் மெட்டைக் கேட்டுவிட்டுப் போன கார்மோர்க்காரர்களிடமிருந்து ஒரு கடிதம், நூலகத்துக்கு. அந்தத் தட்டில் பிடில் வாசித்தவர் மெட்டை எங்கே கற்றார் என்று அவர்கள் விசாரித்தார்களாம். ஆற்றங்கரை ஆலையில் வேலை பார்த்த ஒரு கறுப்பினப் பிடில்காரரிடமாம். அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்று யாரும் அவரைக் கேட்கவில்லை, பெயரைக்கூட எழுதிவைக்கவில்லை. கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். தலைப்பு எழுதாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பெயரைத் தேடவேண்டும்.

அக்டோபர் 12, செவ்வாய்

குழாய் இன்னும் உறையவில்லை. கார்லண்ட் வந்தார்.

இப்போது தீயணைப்பு நிலையக் கூடத்தில் சனிக்கிழமை ஆட்டத்துக்கெல்லாம் 'லாட்டியின் இடுப்பு' என்றுதான் கூவுகிறார்கள். அந்த இடம் வரும்போது யாரும் காலால் உதைப்பதில்லை. பெண்கள் ஜோடிக்காரனை இடுப்பால் ஓர் இடி இடிக்கிறார்கள். போன வாரம் ஒருவருக்கு விலா எலும்பு பிசகிவிட்டது. எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

"வெல்டா, உங்கம்மா அந்தக் காலத்துல, சாராயம் புடிக்க வந்த வரி அதிகாரிய இடுப்பாலயே இடிச்சு அணைக்கட்டுலேருந்து தள்ளிட்டாங்களாமே?"

"யார் சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க. வர வருசம் ரெண்டாவது பலகைக்கு எடம் பாத்திருக்கோம். கார்மோர் பேரு வேணாம், அது மட்டுந்தான்." சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். "ஒரு வெவரம் வேணும். எந்தப் பக்கத்து இடுப்பு?"

மனுக்கள், சாட்சிகள், நிலவறை எல்லாம் ஒரு கணம் நினைவுக்கு வந்தன. கூடவே, எண்ணெய்ப் பீப்பாய்க்குப் பின்னால் சிவந்துபோய் நிற்கும் ஒரு பெண்ணும்.

"இடது" என்றேன்.

எழுதிக்கொண்டார்.